கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பவர்கள்

மூளைச்சாவு அடைந்தவரின் உறவினரிடம் உறுப்புக் கொடை பற்றிப் பேசுவது, மாற்று உறுப்பு பெற்றவர் ஆயுள் முழுவதும் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வது ஆகிய இரண்டு பொறுப்புகளும் டாக்டர் அல்லாத சிலரின் கையில் இருக்கின்றன. சட்டம் இவர்களைக் கட்டாயமாக்கிவிட்டது. வேலையை உறுதிப்படுத்தத்தான் மறந்துவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உள்ள பெஞ்சுகளில் எந்நேரமும் ஏதாவது ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போன மகனாக இருக்கலாம். தலைவலி என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்த மனைவியாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் காத்திருப்புக்குப் பின் டாக்டர் வெளியே வருகிறார். மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டது, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறார். அவருக்கு நேரமில்லை.

சற்றுப் பொறுத்து இன்னொருவர் வருகிறார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. எதிரில் நிற்காமல் பக்கத்தில் உட்காருகிறார். தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறார். ஊரிலிருந்து யார் வர வேண்டும், சின்னக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரிக்கிறார். டாக்டர் சொன்னது புரிந்ததா என்று கேட்கிறார். பெரும்பாலும் புரிந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து சொல்கிறார். அவர் கேட்க வந்த கேள்வி கடைசியில்தான் வரும். சில சமயம் வராமலே போகும்.

இவர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 'டிரான்ஸ்பிளான்ட் கோ-ஆர்டினேட்டர்' என்றால்தான் ஆஸ்பத்திரியில் பலருக்குத் தெரியும். அறுவை சிகிச்சை நிபுணரின் படம் பத்திரிகையில் வருகிறது. போலீஸார் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் காட்சி தொலைக்காட்சியில் வருகிறது. இரண்டுக்கும் காரணமான உரையாடலை நடத்தியவர் எதிலும் தென்படுவதில்லை.

ஆயிரத்தைத் தாண்டிய கணக்கு

2013ல் இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைகள் 5,000க்கும் குறைவு. 2023ல் அது 18,378. பத்தாண்டில் மூன்று மடங்குக்கு மேல் வளர்ச்சி. எண்ணிக்கையில் உலகின் முதல் வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் இந்த உறுப்புகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி உயிரோடு இருப்பவர்கள் தருவது: கணவனுக்கு மனைவி ஒரு சிறுநீரகம், மகனுக்குத் தாய் கல்லீரலின் ஒரு பகுதி. தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் ஐந்துக்கு நால்வர் ஆண்கள் என்பது 1995 முதல் 2021 வரையிலான தேசியக் கணக்கு. இறந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைத்தால் மனைவியும் தாயும் கத்திக்கு அடியில் படுக்க வேண்டிய அவசியம் குறையும். 2023ல் அப்படி உறுப்பளித்த குடும்பங்கள் 1,099. இந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதே அந்த ஆண்டுதான். பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயினில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 50 பேர்.

அந்த 1,099 பேரும் நாடு முழுவதும் பரவியிருக்கவில்லை. தெலங்கானா (252), தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய ஐந்து மாநிலங்களே ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கொடுத்தன. சாலை விபத்தில் மட்டும் 2022ல் நாட்டில் 1,68,491 பேர் இறந்தார்கள். எல்லோருடைய உறுப்பும் பயன்படாது என்பது உண்மை. மருத்துவமனையில், வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைத்தண்டு செயலிழந்தவர்களிடமிருந்துதான் இதயம், நுரையீரல், கல்லீரல் போன்றவற்றை எடுக்க முடியும். அப்படிப்பட்டவர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அடையாளம் கண்டு, பரிசோதித்து, குடும்பத்திடம் பேச எல்லா இடத்திலும் ஆள் இல்லை.

சட்டம் போட்ட நாற்காலி

உறுப்பு மாற்றுக்கு நாட்டில் முதலில் சட்டம் வந்தது கொடையை வளர்ப்பதற்காக அல்ல, வியாபாரத்தை நிறுத்துவதற்காக. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1971ல் சிறுநீரக மாற்று வெற்றி கண்ட பின் அடுத்த இருபது ஆண்டுகளில் சிறுநீரகம் விலைபோகும் பண்டமாயிற்று. சென்னையின் வில்லிவாக்கத்தில் ஏழைகள் பலர் விற்றதால் அந்தப் பகுதிக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்தது. 1994ல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உறுப்பு விற்பது குற்றமாயிற்று. மூளைத்தண்டு மரணம் உறுப்புக் கொடைக்காக மரணமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று நடந்தது.

சட்டம் டாக்டர்களுக்கு அனுமதி கொடுத்தது. குடும்பத்திடம் யார் பேசுவது என்று சொல்லவில்லை. சிகிச்சை செய்த டாக்டரே கேட்டால், 'காப்பாற்ற முயன்றாரா, உறுப்புக்காகக் காத்திருந்தாரா?' என்ற சந்தேகம் எழும். அறுவை நிபுணர் கேட்டால் இன்னும் மோசம். இந்த இடைவெளியைத் தொண்டு நிறுவனங்கள்தான் முதலில் நிரப்பின. சென்னையில் 1997ல் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன், ஒருங்கிணைப்பாளர்களைத் தயார் செய்வதையே முக்கியப் பணியாக எடுத்துக்கொண்டது. அதன் பயிற்சி பெற்றவர்கள் இன்று நாடு முழுவதும் இருக்கிறார்கள்.

2011ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத எந்த மருத்துவமனைக்கும் உறுப்பு மாற்றுக்கான பதிவு கிடையாது என்றாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் உறுப்பளிக்க ஒப்புக்கொண்டிருந்தாரா என்று குடும்பத்திடம் கேட்பதும், அப்படி ஒரு வழி உண்டு என்று தெரிவிப்பதும், ஒருங்கிணைப்பாளரோடு கலந்து மருத்துவர் செய்ய வேண்டிய கடமையாயிற்று. 2014ல் வந்த விதிகள் தகுதியை வரையறுத்தன: ஏதாவது ஒரு மருத்துவ முறையில் பட்டம் பெற்றவர், நர்ஸ், அல்லது பட்டதாரி. பட்டதாரியானால் சமூகப் பணி, சமூகவியல், பொது சுகாதாரம் போன்றவற்றில் முதுகலை இருப்பது நல்லது. நடைமுறையில் இந்தப் பணிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சமூகப் பணி படித்தவர்களும் நர்ஸ்களும்தான்.

ஒரு சொல் தவறினால்

மூளைத்தண்டு மரணத்தை ஒரு டாக்டர் அறிவித்துவிட முடியாது. நால்வர் கையெழுத்து வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், அரசு அங்கீகரித்த பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை செய்யும் டாக்டர். உறுப்பு மாற்றுக் குழுவினருக்கு இதில் இடமில்லை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் வென்டிலேட்டரை விலக்கி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் மூச்சு தானாக எழுகிறதா என்று கவனிக்கிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளும் மறுபடி நடக்க வேண்டும்.

விஞ்ஞானத்தில் குழப்பமில்லை. குழப்பம் வெளியே, பெஞ்சில் இருக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. உடல் சூடாக இருக்கிறது. மானிட்டரில் இதயத்துடிப்பு ஓடுகிறது. இவரை இறந்துவிட்டார் என்று எப்படி நம்புவது?

இங்கேதான் சொற்கள் முக்கியமாகின்றன. தமிழில் 'மூளைச்சாவு' என்கிறோம். மலையாளத்தில் 'மஸ்திஷ்க மரணம்'. இந்தி பேசும் ஊர்களில் 'பிரெய்ன் டெட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் மனதில் மூளை மட்டும் செத்துப்போயிற்று, ஆள் இருக்கிறார் என்றே பதிகிறது. 'மூளைச்சாவு அடைந்த இளைஞரின் உறுப்புகள் எடுக்கப்பட்ட பின் அவர் உயிர் பிரிந்தது' என்று எழுதும் செய்தி, உறுப்பு எடுத்ததால்தான் உயிர் போயிற்று என்று சொல்லாமல் சொல்கிறது. வென்டிலேட்டரை 'உயிர்காக்கும் கருவி' என்பது இன்னொரு சிக்கல். உயிரைக் காக்கும் கருவியை எடுத்தால் அது கொலையாகாதா என்று ஒரு தகப்பன் கேட்டால் அவர் மேல் தவறில்லை.

எனவே பயிற்சியில் ஒருங்கிணைப்பாளர்களுக்குச் சொற்களே முதல் பாடம். மரணம் உறுதியான பின் 'நிலைமை மோசம்' என்று சொல்லக் கூடாது. 'இறந்துவிட்டார்' என்று சொல்ல வேண்டும். 'உயிர்காக்கும் கருவி' கூடாது. 'வென்டிலேட்டர்' அல்லது 'மூச்சு விடும் மெஷின்' என்று சொல்ல வேண்டும். 'பாடி' கூடவே கூடாது. அவருக்குப் பெயர் உண்டு, பெயரைச் சொல்ல வேண்டும். உறுப்புகளை எடுப்பதற்கு ஆங்கிலத்தில் அறுவை நிபுணர்கள் நீண்ட காலம் 'அறுவடை' என்ற பொருள் தரும் சொல்லையே வழங்கி வந்தார்கள். குடும்பங்களின் மனம் புண்படும் என்பதால் அதைக் கைவிட்டு 'மீட்டெடுத்தல்' என்ற பொருளுள்ள சொல்லுக்கு மாறி வருகிறார்கள். தமிழில் 'கொடை', இந்தியில் 'அங்கதான்'. இரண்டும் தானத்தின் பெருமையைச் சேர்ந்தவை. அந்த விஷயத்தில் நம் மொழிகள் ஆங்கிலத்தைவிட அதிர்ஷ்டம் செய்தவை.

இரண்டாவது பாடம் பொறுமை. மரணச் செய்தியும் கொடைப் பேச்சும் ஒரே மூச்சில் வரக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் சொல்லவும் கூடாது. குடும்பம் மரணத்தை மரணமாக ஏற்றுக்கொண்ட அறிகுறி தெரிய வேண்டும். 'எப்போது வீட்டுக்குக் கொண்டு போகலாம்?' என்று யாராவது கேட்பது அப்படி ஓர் அறிகுறி. அதற்குப் பிறகே பேச்சு.

மூன்றாவது, எதிர்க் கேள்விகளுக்குப் பதில். உடலைக் குலைத்துவிடுவார்களா? மற்ற அறுவைகளைப் போலவே தைத்துத் தருவார்கள். சடங்குக்கு நேரமாகுமா? ஆகும், எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செலவு? சம்மதத்துக்குப் பின் ஆகும் செலவை உறுப்பளிக்கும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்பது விதி. அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பானா? தமிழ்நாடாக இருந்தால் கண்ணப்ப நாயனார் நினைவுக்கு வருவார். வடக்கே தன் எலும்பையே தந்த ததீசி முனிவர். யாருக்குப் போகும்? அதைச் சொல்ல முடியாது. தந்தவர் பெயர் பெற்றவருக்கோ, பெற்றவர் பெயர் தந்தவருக்கோ தெரியக் கூடாது என்பது நெறி.

நாலாவது பாடம்தான் கடினமானது. குடும்பம் 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாதாடக் கூடாது. முகம் மாறக் கூடாது. உடலை வாங்கிப் போக உதவ வேண்டும். இறந்தவர் உயிரோடு இருந்தபோது அட்டையில் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி அளித்திருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தின் சம்மதமில்லாமல் எந்த மருத்துவமனையும் உறுப்பை எடுப்பதில்லை.

சம்மதத்துக்குப் பின் ஓட்டம்

சம்மதப் படிவத்தில் கையெழுத்தானவுடன் ஒருங்கிணைப்பாளரின் வேலை வேறு விதமாகிறது. அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர் இப்போது கடிகாரத்தோடு ஓட வேண்டும். மூளைத்தண்டு இறந்த உடலில் ரத்த அழுத்தம் சரியும். சிறுநீர் கட்டுக்கடங்காமல் வெளியேறும். உடல் குளிரும். எப்போது வேண்டுமானாலும் இதயம் நிற்கலாம்.

மாநில அமைப்புக்குத் தகவல் போகிறது. ஹைதராபாத் என்றால் ஜீவன்தான், பெங்களூர் என்றால் ஜீவசார்த்தகதே, திருவனந்தபுரம் என்றால் மிருதசஞ்ஜீவனி, சென்னை என்றால் டிரான்ஸ்டான். யாருக்கு எந்த உறுப்பு என்பதைக் காத்திருப்போர் பட்டியல்படி அந்த அமைப்பே முடிவு செய்யும். ரத்தப் பிரிவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் எல்லாம் சோதிக்கப்படுகின்றன.

விபத்து வழக்கானால் போலீஸ் வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லை என்பதிலிருந்து தொடங்கும் சிக்கல். விபத்து ஒரு மாவட்டத்தில், மருத்துவமனை இன்னொரு மாவட்டத்தில் என்றால் இரவு இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரேத விசாரணை, தடயவியல் டாக்டரின் அனுமதி, போஸ்ட் மார்ட்டம். சூரியன் மறைந்த பின் போஸ்ட் மார்ட்டம் செய்வதில்லை என்ற பழைய வழக்கம் பல குடும்பங்களை விடியும் வரை காக்க வைத்தது. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம், உறுப்புக் கொடைக்கு முன்னுரிமை என்று உத்தரவிட்டது. உத்தரவின் நகலைக் காட்டி வாதாட வேண்டியவரும் ஒருங்கிணைப்பாளர்தான்.

எடுத்த இதயத்தை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். கல்லீரல் சுமார் பன்னிரண்டு மணி தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளுக்கும் மேல். விமான நேரம், ஆம்புலன்ஸ், போக்குவரத்துப் போலீஸ், ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே செல்பேசியிலிருந்து ஏற்பாடாகின்றன. இத்தனைக்கும் நடுவில் பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்திடம் மணிக்கொரு முறை போய் நிலவரம் சொல்ல வேண்டும். போகாவிட்டால், கையெழுத்து வாங்கும்வரைதான் நம்மைத் தேடினார்கள் என்ற கசப்பு மிஞ்சும். உடல் தைத்துத் துடைத்து ஒப்படைக்கப்படும்போது கூட இருப்பதும் அவர் வேலை.

தமிழ்நாட்டில் உறுப்பளித்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒடிசாவும் பின்பற்றியது. இறந்தவரின் ஊரில் இது ஏற்படுத்தும் பாதிப்பு பெரிது. 2008ல் சாலை விபத்தில் இறந்த பள்ளி மாணவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான பெற்றோர் கொடுத்தது தமிழ்நாட்டில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. ஒரு குடும்பம் கொடுத்தது தெரிந்தால் அடுத்த குடும்பத்திடம் பேசுவது எளிதாகிறது.

நம்பிக்கை உடைந்தால்

எதிர்த் திசையிலும் இதே வேகம் உண்டு. கேரளத்தில் 2015ல் இறந்த பின் உறுப்பளித்தவர்கள் 76 பேர். 2018ல் வெறும் 8. இடையில் நடந்தது என்ன? மூளைச்சாவுச் சான்று உண்மைதானா, உறுப்புக்காக அவசரப்பட்டார்களா என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. புகார்கள் நீதிமன்றம் வரை போயின. டாக்டர்கள் சான்று தரவே தயங்கினார்கள். படித்தவர்கள் நிறைந்த, மருத்துவமனைகள் மலிந்த மாநிலத்தில் மூன்றே ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு சரிவு.

கேரள அரசு 2020ல் ஒரு வழி கண்டது. உறுப்புக் கொடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூளைத்தண்டு மரணத்தைச் சான்றளிக்க நெறிமுறை வகுத்தது. பிற மாநிலங்களில் இன்னும் ஒரு விசித்திரம் நீடிக்கிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தைக் கொடையின் பொருட்டே பேசுகிறது. 1969ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. கொடுக்க ஒப்பினால் அவர் இறந்தவர். மறுத்தால் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பில்லும் ஏறிக்கொண்டிருக்கிறது. 'நாங்கள் சம்மதிக்காவிட்டால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமா?' என்று குடும்பம் கேட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் நேரான பதில் இல்லை. சட்டம் அவருக்கு அந்தப் பதிலைக் கொடுக்கவில்லை.

மாத்திரைக்குக் காவல்

கதையின் இரண்டாம் பாதி உறுப்பு பெற்றவரின் வீட்டில் தொடங்குகிறது. அங்கேயும் டாக்டர் அல்லாத ஒருவரின் தேவை அதே அளவுதான்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் அன்னியப் பொருளாகவே பார்க்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் ஆயுள் முழுதும் வேண்டும். டாக்ரோலிமஸைப் பொதுவாகப் பன்னிரண்டு மணிக்கொரு முறை சாப்பிட வேண்டும். ரத்தத்தில் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே சாப்பிட வேண்டும். முன்னால் சாப்பிட்டுவிட்டு வந்தால் அளவு கூடுதலாகத் தெரியும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், ஆபத்து.

காசநோய் நம் நாட்டில் சாதாரணம். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவைக் கடுமையாகக் குறைத்துவிடும். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் ஏற்றும். உள்ளூர் டாக்டருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மருந்துக் கடைக்காரர் அந்தக் கம்பெனி மாத்திரை இல்லை, இது அதேதான் என்று வேறொன்றைக் கொடுக்கலாம். மாறினால் ரத்த அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று யார் சொல்வது? 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இவ்வளவு மாத்திரை எதற்கு' என்று உறவினர் நாட்டு மருந்துக்கு அழைத்துப் போகலாம். பணம் தீர்ந்தபோது இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, வெட்கத்தால் டாக்டரிடம் சொல்லாமல் விடுவதும் உண்டு. ஏழை நோயாளிகளின் மருந்துக்குத் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் மாதம் ரூ. 10,000 வரை உதவி உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க யாராவது கூட நிற்க வேண்டும்.

இந்த இடத்தை அமெரிக்கா வேறு விதமாக நிரப்பியது. 1965ல் கொலராடோவில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து, நோயாளியைப் பரிசோதித்து சிகிச்சை தரும் அளவுக்கு நர்ஸ்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் 'நர்ஸ் பிராக்டிஷனர்'. அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்ற புதிய படிப்பை ஆரம்பித்தார். இன்று அங்குள்ள உறுப்பு மாற்று மையங்களில் வார்டைச் சுற்றி வருவதும், ரத்த அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதும், வெளி நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதும் பெருமளவு இவர்கள் வேலை. அறுவை நிபுணர் அறுவைக் கூடத்தில் இருக்கும்போது நோயாளியின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர் மருந்தை மாற்றும் அதிகாரமும் உள்ளவராக இருக்கிறார்.

இந்தியாவிலும் விதை போட்டாயிற்று. 1992லேயே மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு தொடங்கியது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2017ல் கொண்டுவந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ம் ஆண்டுச் சட்டம் பிசிஷியன் அசிஸ்டென்ட்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் படித்து வந்தவருக்கு என்ன அதிகாரம் என்பதை அந்தந்த மருத்துவமனையே தீர்மானிக்கிறது. உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய கவனிப்பு பல இடங்களில் அதே ஒருங்கிணைப்பாளர் தலையில் விழுகிறது. நோயாளி இரவில் அழைப்பது இவரை. காய்ச்சல் என்றால் அது ஆபத்தான காய்ச்சல் என்று இவருக்குத் தெரியும். மருந்தை மாற்ற மட்டும் முடியாது. டாக்டரைத் தேட வேண்டும்.

நிரந்தரமில்லாத நிரந்தரத் தேவை

ஸ்பெயினை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 1989ல் டாக்டர் ரஃபேல் மட்டேசான்ஸ் தலைமையில் அங்கே தேசிய அமைப்பு உருவானபோது பத்து லட்சத்துக்கு 14 பேர்தான் உறுப்பளித்துக்கொண்டிருந்தார்கள். பத்தே ஆண்டில் 30ஐத் தாண்டியது. சட்டம் மாறியதால் அல்ல. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் ஒரு ஒருங்கிணைப்பாளரை வைத்ததால் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் அங்கே ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர். மூளைச்சாவுப் பரிசோதனை செய்யலாமா என்று சக டாக்டரிடம் சமமாக நின்று கேட்கக்கூடியவர்.

இங்கே சமூகப் பணி படித்த ஓர் இளம் பெண், மூத்த நரம்பியல் நிபுணரிடம் போய் 'சார், ஐந்தாம் படுக்கை நோயாளிக்கு டெஸ்ட் செய்யலாமா?' என்று கேட்க வேண்டும். அவர் 'பார்க்கலாம்' என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகளில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். சிலர் தொண்டு நிறுவனத்தின் சம்பளத்தில் மருத்துவமனைக்குள் வேலை செய்பவர்கள். எந்நேரமும் செல்பேசியை அணைக்க முடியாது. ஓராண்டில் எத்தனையோ குடும்பங்களின் துக்கத்தைக் கேட்டவருக்கு அதை இறக்கி வைக்க இடமில்லை. மேலே போகும் பதவியும் இல்லை. அனுபவம் சேரச் சேர வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அனுபவமும் போய்விடுகிறது. அடுத்து வருபவர் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதை மறுபடி ஒரு குடும்பத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

டில்லியில் உள்ள தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ, 2025 ஆகஸ்ட் மாதம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில் இதைத் தொட்டிருக்கிறது. உறுப்பு எடுக்கும், பொருத்தும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளருக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டும் என்கிறது. காத்திருக்கும் பெண்களுக்கும், உறுப்பளித்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கும் பட்டியலில் முன்னுரிமை தரச் சொல்கிறது. விபத்து சிகிச்சை மையங்களை உறுப்பெடுக்கும் வசதியோடு வளர்க்கவும் சொல்கிறது. அறிவுரை என்பது உத்தரவு அல்ல. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. பணியிடத்துக்குக் கோப்பு நகர வேண்டும், நிதித் துறை ஒப்ப வேண்டும்.

செலவுக் கணக்குப் போட்டாலும் இது நஷ்டமில்லை. உறுப்பளிக்கும் ஒருவரிடமிருந்து இரண்டு சிறுநீரகங்கள் கிடைக்கின்றன. அவை இரண்டு பேரை டயாலிசிஸிலிருந்து விடுவிக்கும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடப்பவருக்கும், அந்தச் செலவைக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கும் அரசுக்கும் அது எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் பெரிதாகத் தெரியாது.

விழிப்புணர்வுக்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 3ல் உறுப்பு தான தினம் கொண்டாடுகிறோம். ஊர்வலம் போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். மக்களைக் கொடுக்கத் தயார் செய்யும் அந்த முயற்சியில் குறை இல்லை. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் அந்த முடிவை எடுப்பது ஊர்வலத்தில் அல்ல, வாழ்க்கையின் மிக மோசமான இரவில். அந்த இரவில் பக்கத்தில் வந்து உட்காருபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலை இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.